பெருவிரலும் பதின்மூன்றடிச் சுவரும்

(மாலைப் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை; ஞாயிறு இதழைக் கையிலேந்தும் தோழர்களுக்காக எழுத்து வடிவில்)



சுவர் ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். சீனத்துப் பெருஞ்சுவரைப் பற்றியன்று. செஞ்சிக் கோட்டையின் மதிலைப் பற்றியுமன்று. அவை கண்ணுக்குத் தெரியும் சுவர்கள். ஏறியும் பார்க்கலாம், இறங்கியும் வரலாம். நான் சொல்லும் சுவர், 2018 மார்ச்சுத் திங்களில், டில்லி உச்சநீதிமன்றத்திலே, அரசின் தலைமை வழக்குரைஞரது நாவிலிருந்து எழும்பிய சுவர். நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கைரேகையையும் கருவிழியையும் திரட்டிக் குவித்திருக்கிறீர்களே, அந்தக் குவியலுக்குக் காவல் யாது என்னும் கேள்வி மன்றத்திலே எழுந்தது. 13 அடி உயரமும் 5 அடி கனமும் கொண்ட மதில்களுக்குப் பின்னால் அது பத்திரமாக இருக்கிறது என்று விடை வந்தது!

நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு வசனத்தை நான் எழுதியிருந்தால், ஒத்திகையிலேயே நடிகர் தாளை மடித்து வைத்துவிட்டு, "இதைச் சொன்னால் கொட்டகை சிரிக்குமே, ஐயா! சோகக் காட்சி கெட்டுப்போகுமே!" என்பார். கம்பி வழியிலும் காற்று வழியிலும் கணப்பொழுதில் கண்டம் விட்டுக் கண்டம் தாவும் தகவலுக்கு மதில் காவலாம்! புகைக்குப் பூட்டு, நிழலுக்கு நிலைக்கதவு!

அந்தச் சுவர் பேச்சு எழுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2018 சனவரியில், சண்டிகரிலிருந்து வெளிவரும் தி டிரிபியூன் நாளேட்டின் செய்தியாளர் 500 ரூபாய் கொடுத்தார். 10 நிமிடத்தில் அவருக்கு ஒரு கடவுச்சொல் கிடைத்தது. ஆதார் எண்ணைத் தட்டினால், அதற்குரியவரின் பெயரும் முகவரியும் படமும் தொலைபேசி எண்ணும் திரையிலே வந்து நின்றன. 13 அடிச் சுவருக்கு ஏணியின் விலை 500 ரூபாய். ஏட்டில் இச்செய்தி வந்ததும் ஆணையம் காவல்துறையிடம் முறையிட்டது. வழக்குப் பதிவில் செய்தியாளரின் பெயரும் ஏட்டின் பெயரும் ஏறின. வீட்டுக்காரா, உன் கொல்லைக்கதவு திறந்து கிடக்கிறது என்று கூவியவன் சட்டையைப் பிடித்தார்கள்.

கைரேகை வெளியே போகவில்லை, பெயரும் முகவரியும்தானே என்றது ஆணையம். போகவில்லை என்றே கொள்வோம். ஆனால், தோழர்களே, கைரேகையைத் திருடுபவன் அந்த மதிலின் பக்கமே வரவில்லை என்பதைத்தான் நாடு அடுத்து வந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டது.

அவன் போனது பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு. அரைக் காணி நிலமோ, ஒரு மனையோ வாங்குகிறீர்கள். கிரயப் பத்திரத்திலே பெருவிரலை உருட்டுகிறீர்கள். அந்தப் பத்திரத்தை இணையதளத்தில் ஏற்றிச் சில மாநிலங்கள் ஊரறியக் காட்டின. 2018-ல் தெலங்கானாவில் சிம் அட்டை விற்பனையாளர் ஒருவர் அப்பத்திரங்களிலிருந்த ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்யும் கருவியால் விரல் செய்தார்; பிறர் பெயரில் சிம் அட்டைகளை உயிர்ப்பித்தார் என்று காவல்துறை பிடித்தது. பின்னர் அரியானாவிலும், 2023-ல் மேற்கு வங்கத்திலும், பத்திரத்து ரேகை வங்கிக் கணக்கிலேயே கை வைத்தது.

அது எப்படி என்று கேட்பீர்கள். சிற்றூர்களில் வங்கிக் கிளை இல்லாத இடத்தில், கையடக்கக் கருவியோடு வங்கி முகவர் ஒருவர் இருப்பார். வங்கியின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆதார் எண்ணைச் சொல்ல வேண்டும். விரலை வைக்க வேண்டும். பணம் வரும். அட்டை வேண்டா, இரகசிய எண் வேண்டா, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணும் வேண்டா. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு இது வசதி என்பதை நான் மறுக்கவில்லை. முதியோர் உதவித்தொகை வாங்க ஐந்து கல் நடந்தவருக்கு அது பெரிய வசதி. ஆனால் அவருடைய எண் ஊரெங்கும் நகலாகக் கிடக்கிறது. அவருடைய ரேகை பத்திரத்திலே கிடக்கிறது. மூன்றாவதாக வேண்டுவது கொஞ்சம் ரப்பர்.

உயிருள்ள விரலா, செய்த விரலா என்று கண்டறியும் முறையை 2023-ல் கொண்டுவந்துவிட்டோம் என்றார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது 2010 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் இழந்தவர் யாரிடம் போவார்? பூட்டுக்குக் கள்ளச் சாவி வந்துவிட்டதென்றால் பூட்டை மாற்றலாம். பெருவிரலுக்குக் கள்ளச் சாவி வந்துவிட்டால் எந்தக் கடையிலே போய் மாற்று விரல் வாங்குவது? துரோணர் ஏகலைவனிடம் கேட்டது ஒரே ஒரு பெருவிரல். இவர்கள் பத்து விரலையும் கேட்டார்கள். இரண்டு கருவிழிகளையும் சேர்த்துக் கேட்டார்கள். வித்தை ஏதும் கற்பிக்கவுமில்லை!

இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே 27. ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது: ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுங்கள். மே 29. எச்சரிக்கை திரும்பப் பெறப்படுகிறது. காரணம், மக்கள் அதைத் தவறாகப் பொருள் கொள்ளக்கூடுமாம்! அந்த இரண்டு நாட்களைத்தான் நான் மேடையேற்றிப் பார்க்கிறேன்.

குடிமகன்: நகலைக் கொடுக்கலாமா, கூடாதா?

அரசு: கொடுக்காதே.

குடிமகன்: ஏன்?

அரசு: திருடுவார்கள்.

குடிமகன்: அப்படியானால் ஆதார் பாதுகாப்பற்றதா?

அரசு: யார் சொன்னது? நான் சொன்னதை நான் சொல்லவேயில்லை!

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு என்னோடு கொஞ்சம் பின்னோக்கி வாருங்கள். இந்தக் கைரேகைக் கலை பிறந்த மண் எது தெரியுமா? நம் நாட்டு மண்தான். 1858-ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் எனும் வெள்ளையதிகாரி, சாலைப் பொருள் தர ஒப்பிய ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை பூசி, தாளிலே பதித்துக்கொண்டார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே ஓர் அலுவலகம் எழுந்தது. அதன் முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்னும் வெள்ளையரின் பெயர் நிலைத்தது. கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு நம்மவர். உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. அடையாளத் திருட்டு அங்கேயே தொடங்கிவிட்டது போலும்!

கல்கத்தாவில் கலையாக இருந்தது, நம் தென்பாண்டிச் சீமைக்கு வந்தபோது கத்தியாயிற்று. 1871-ல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தான் என்று கேட்டது. பேரேட்டில் பெயர் எழுது, விரலில் மை பூசு, இரவிலே காவல் நிலையத்தில் வந்து படு, வெளியூர் போனால் அனுமதிச் சீட்டு வாங்கு! புதிதாய் மணம் முடித்தவனும் மனைவியைத் தனியே விட்டுக் காவல் நிலையத் திண்ணைக்குப் போகவேண்டும். ரேகைச் சட்டம் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். எத்தனை கூர்மையான பெயர் பாருங்கள்! சட்டத்தின் உயிர் எங்கேயிருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகாத உழவன் கண்டுகொண்டான்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர். ரேகை கொடுக்க மாட்டோம் என்று ஊர் திரண்டு நின்றது. துப்பாக்கிகள் வெடித்தன. 16 பேர் மாண்டனர். பெண்ணொருத்தியும் அவர்களுள் அடக்கம். தனியுரிமை என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. அரசியல் சட்டம் பிறக்க இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன. எனினும், என் விரல் என்னுடையது என்பதற்காக இந்த நாட்டில் மார்பிலே குண்டு தாங்கியவர்கள் அவர்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் ஒழிந்தது. நாடு முழுதும் ஒழிய 1952 ஆயிற்று.

ஆனால் அதே 1920-ல், டில்லியில் இன்னொரு சட்டம் பிறந்தது: கைதிகளை அடையாளங்காணும் சட்டம். அது 102 ஆண்டுகள் வாழ்ந்து, 2022-ல் புதுப்பிறவி எடுத்தது. விரல்ரேகையும் காலடியும் போதாவென்று கருவிழி, விழித்திரை, உடற்கூறு மாதிரிகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. தண்டனை பெற்றவர் மட்டுமல்லர், கைது செய்யப்பட்டவரும் அதன் வலைக்குள். பதிவு 75 ஆண்டுகள் காக்கப்படும். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் பதிவை அழிக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அழித்தார்களா என்பதை நீங்கள்தான் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். மறியலுக்குப் போகும் தோழர்களே, நன்கு கேளுங்கள். வெறும் தடையுத்தரவு மீறலுக்கு அளவெடுக்கக் கூடாதென்று விதிகளில் விலக்கு இருக்கிறது. வேறொரு குற்றப் பிரிவை அதனோடு சேர்த்து எழுதிவிட்டால் விலக்கு விலகிவிடும். வழக்கேட்டில் ஒரு வரி சேர்ப்பது எத்தனை கடினமான வேலை என்பது உங்களுக்குத் தெரியாததன்று!

இதையெல்லாம் கேட்டால் ஒரு மந்திரம் சொல்வார்கள்: நாட்டின் பாதுகாப்பு. அடுத்து ஓர் உபதேசம் சொல்வார்கள்: நேர்மையானவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

நான் கேட்கிறேன்: வாக்குச் சாவடியிலே மறைப்பு எதற்கு? நேர்மையாளன்தானே வாக்களிக்கிறான்? எல்லோர் முன்னிலையிலும் பொத்தானை அழுத்தட்டுமே! அந்த மறைப்பை எடுத்துவிட்டால் பண்ணையாளின் வாக்கு பண்ணையாரின் வாக்காகிவிடும் என்பதால்தானே வைத்தீர்கள்? எளியவனுக்கு மறைப்பு, வலியவனிடமிருந்து காப்பு. உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் என்பவரின் கதை அதற்குச் சான்று. 1941-ல் கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், சான்றில்லையென்று விட்டுவிட்டார்கள். விட்டவர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டுவது, பெயரைச் சொல்லிக் கூவுவது, உள்ளே நுழைந்து பார்ப்பது. குற்றமற்றவன் தூங்குகிறானா என்று அவனை எழுப்பிப் பார்க்கும் விந்தை! 1962-ல் உச்சநீதிமன்றம் அந்த இரவு வருகையைச் செல்லாதென்றது. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். மாறுபட்டவர் சுப்பாராவ், நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் முன்பு நீதிபதியாக இருந்தவர். அவரோடு ஷா சேர்ந்துகொண்டார். தனித்திருக்கும் உரிமை இல்லாமல் தனிமனித உரிமை ஏது என்பது அவர்கள் வாதம்.

அந்தச் சிறுபான்மைக் குரல் பெரும்பான்மையாக 55 ஆண்டுகள் ஆயின. 2015-ல்கூட, 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் தூக்கி வந்து, தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமையே கிடையாது என வாதாடியது அரசு. 2017 மே மாதத்தில், உடல்மீது குடிமக்களுக்கு முழுமுற்றான உரிமை இல்லை என்னும் அளவுக்குப் போனது. அவ்வாண்டு ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, உண்டு அந்த உரிமை என்றார்கள். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி. அவர் 2012-ல் படியேறியபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. சாய்வு நாற்காலி வயதில் சட்டப் போர்!

ஆதார் யாருடைய பிள்ளை என்ற வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை. 2009-ல் ஓர் ஆட்சி ஆணையத்தை அமைத்தது. 2011-ல் நாடாளுமன்ற நிலைக்குழு மசோதாவை ஏற்க மறுத்தது. அக்குழுவின் தலைவர் அன்றைய எதிர்க்கட்சிக்காரர். அந்த எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தபின் 2016-ல் பணமசோதா என்று பெயர் சூட்டி நிறைவேற்றிற்று. எதிர்வரிசையில் இருக்கும்போது கசப்பது ஆளும் வரிசைக்கு வந்ததும் இனிக்கிறது! 2018-ல் ஐவர் அமர்வில் நால்வர் சட்டத்தை ஏற்றாலும் சில பற்களைப் பிடுங்கினார்கள். நாட்டுப் பாதுகாப்பென்று இணைச் செயலாளர் ஒருவர் கையொப்பமிட்டால் தகவலை எடுத்துக் கொடுக்கலாம் என்ற 33(2) பிரிவு அவற்றில் ஒன்று. உயர்ந்த பதவியாளர் வேண்டும், நீதித்துறையின் கண்ணும் உடனிருப்பது நன்று என்றது மன்றம். 2019-ல் திருத்தம் வந்தது. இணைச் செயலாளர் போய்ச் செயலாளர் வந்தார். நாற்காலி உயர்ந்தது, நீதிபதி வரவில்லை.

ஓர் அதிகாரியின் கையொப்பம் போதாதா என்பவர்களுக்காக ஒரு கணக்கு. தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1885-ஆம் ஆண்டு வெள்ளையர் சட்டமே நெடுங்காலம் ஆண்டது. 1996-ல் உச்சநீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது: உள்துறைச் செயலாளர் ஆணையிட வேண்டும், மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். பின்னர், மத்திய அரசு மட்டும் மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பது தகவல் உரிமைச் சட்டத்தின் வழி வெளியாயிற்று. 9,000 என்றால் நாளொன்றுக்கு 300. விடுமுறையில்லாமல், பத்து மணி நேரம், வேறு வேலையே பார்க்காமல் செயலாளர் அமர்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு நிமிடம்! இரண்டு மாதத்துக்கொருமுறை கூடும் மறுஆய்வுக் குழுவின் முன் 15,000 முதல் 18,000 ஆணைகள் குவியும். இது நடவாத காரியம் என்று 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதிற்று. படிக்காமல் இடும் கையொப்பத்தின் பெயர்தான் பாதுகாப்பா?

2021-ல் பெகாசஸ் புயல் எழுந்தது. நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளைப் பார்த்தது. ஐந்தில் வேவு நிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி அறிவித்தார். வாங்கினீர்களா, இல்லையா? ஒரு சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வி. விடைக்குப் பதில் வந்தது மௌனம். மௌனத்துக்குப் பெயர் பாதுகாப்பு. சென்னை உயர்நீதிமன்றம் அந்த மந்திரத்துக்கு எல்லை போட்டது ஓர் ஆறுதல். 2011-ல் இடப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையொன்றை 2025 சூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் நீக்கினார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றம் கிடைக்குமா என்று துழாவிப் பார்க்க ஒட்டுக்கேட்கலாகாது என்பது அத்தீர்ப்பு.

இனித்தான் நான் சொல்ல வந்த முதன்மைச் செய்தி. ஆள்வோருக்குத் தனியுரிமை பிடிக்காது என்று எண்ணாதீர்கள். மிகவும் பிடிக்கும், தங்களுக்கு!

1994-ஐ நினைத்துப் பாருங்கள். சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் தன் வரலாற்றை எழுதினான். எந்த அதிகாரி எவ்வாறு துணை நின்றார் என்பதெல்லாம் அதில் இருந்ததாம். நக்கீரன் ஏடு வெளியிட முனைந்தது. வெளியிடாதே என்று சிறைத்துறைத் தலைமையிடமிருந்து கடிதம் பறந்தது. ஆசிரியர் ராஜகோபால் உச்சநீதிமன்றம் போனார். தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது மன்றம். அதே மூச்சில், அதிகாரி தன் பதவிக் கடமையில் செய்ததை அந்த உரிமைக்குள் ஒளிக்க முடியாது, ஏட்டை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது என்றது. குடிமகனுக்குக் கதவு, அதிகாரிக்குச் சாளரம்! 23 ஆண்டுகளுக்குப் பின் ஒன்பது நீதிபதிகள் எடுத்துப் படித்த தீர்ப்புகளில் நம் சென்னையில் முளைத்த அவ்வழக்கும் ஒன்று.

2023 ஆகஸ்டில், தனியுரிமைத் தீர்ப்பின் பெயரைச் சொல்லி, மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடைக்காரரும் நிறுவனமும் உங்கள் தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்று அது சொல்கிறது; நன்று. 17-ஆம் பிரிவுக்கு வாருங்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டித் தன் அமைப்பு எதை வேண்டுமானாலும் மத்திய அரசு இச்சட்டத்திலிருந்து விலக்கிவிடலாம். 44-ஆம் பிரிவுக்கு வாருங்கள். அது தகவல் உரிமைச் சட்டத்தின் கையை வெட்டுகிறது. தனிநபர் தகவலாயினும், பொதுநலன் கருதி வெளியிடத் தக்கதென்றால் கொடு என்று 2005 முதல் 8(1)(ஜே) பிரிவில் இருந்த வாசகம் நீங்கியது. தனிநபர் தகவலா, இல்லை என்று சொல்லி அனுப்பலாம். 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. 8(2) பிரிவு இருக்கிறதே, அதன்படி பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம் என்பதற்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருநாள் நின்றவர் அறிவார்.

நூறுநாள் வேலையில் கையொப்பமிட்டுக் கூலி வாங்கியவர் உயிரோடிருப்பவரா, இறந்தவரா? சாலை போட்ட ஒப்பந்தக்காரர் யாருக்கு உறவு? கேட்டால், அது தனிநபர் தகவல். உங்கள் பெருவிரல்? அது பொதுச் சொத்து! உங்கள் வீடு கண்ணாடி மாளிகை. அவர்கள் அலுவலகம் கருங்கல் கோட்டை. 13 அடிச் சுவர் எங்கே எழும்பியிருக்கிறது என்று இப்போது தெரிகிறதா, தோழர்களே?

இந்தச் சட்டங்களை மாற்றுவது மன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் நெடுநாள் வேலை. நாளைக் காலையில் நம்மால் ஆவது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி அமர்கிறேன். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் ரேஷன் அட்டைக்கும் மனு எழுதித் தருபவர்கள் நம் கிளைத் தோழர்கள். ஊரார் ஆதார் நகல்கள் நம் படிப்பகத்து மேசையிலும், தோழரின் ஸ்கூட்டர்ப் பெட்டியிலும், கைப்பேசி வாட்ஸ்அப்பிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. டில்லியைப் பார்த்துக் கேட்ட கேள்வியை ஊர்க் கிழவி நம்மைப் பார்த்தும் கேட்கலாம்.

ஆகவே, இயன்ற இடத்திலெல்லாம் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு நகலையே வாங்குங்கள். முழு நகல் வேண்டுமென்றால், எந்த மனுவுக்கு, எந்த நாளில் என்று அதன் குறுக்கே மையால் எழுதுங்கள். வேலை முடிந்ததும் நகலை உரியவர் கையிலேயே கொடுங்கள். கைப்பேசியில் உள்ள படத்தை அவர் கண்முன்னே அழியுங்கள். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி ஆணையத்தின் தளத்திலும் செயலியிலும் இருக்கிறது; வேண்டும்போது திறக்கலாம், மீண்டும் பூட்டலாம். அதைத் தெருவுக்கு ஓர் இளைஞர் கற்றுக்கொண்டு, வீடு வீடாகச் செய்து கொடுக்கட்டும். பணம் போனவர் தெரிந்தவுடன் அழைக்கவேண்டிய எண் 1930. அதைப் படிப்பகத்துச் சுவரில், கொடியின் படத்துக்குப் பக்கத்தில், பெரிதாக எழுதி வையுங்கள்.